மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்



நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்து சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

2022 அக்டோபரில் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் மேல் இரண்டு இளம் போராட்டக்காரர்கள் தக்காளி சூப்பை வீசினார்கள். பெட்ரோலிய நிறுவனங்களுக்கு எதிரான போராட்டம் அது. கண்ணாடி போட்டிருந்ததால் ஓவியம் தப்பியது. சட்டகத்துக்குத்தான் கொஞ்சம் சேதம். அந்த வீடியோ நம் எல்லோர் போனுக்கும் வந்தது. அதற்குப் பிறகு உங்களில் பல பேர் என்னிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டுவிட்டீர்கள்: "டீச்சர், பூமி சூடாவதற்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்?"

சூப் வீசியவர்கள் கலைஞர்கள் அல்ல. ஆனால் கலைஞர்கள் இந்தக் கேள்வியைப் பற்றி நாற்பது வருடத்துக்கு மேலாக யோசித்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த வரலாறு நம் பக்கம் அதிகம் வரவில்லை. நான் ஓவிய ஆசிரியை இல்லை. சமூக அறிவியல் நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு நூலகத்திலும் இணையத்திலும் தேடித் தேடிப் படித்ததை, வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன்.

1982இலிருந்து தொடங்குகிறேன்.

ஹவாய் தீவில் மௌனா லோவா என்ற எரிமலை இருக்கிறது. அதன் மேல் 1958 முதல் காற்றில் உள்ள கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள். 1982இல் அந்த அளவு பத்து லட்சத்தில் 341 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கு இந்தக் கணக்கு விஞ்ஞானிகள் வட்டத்துக்குள் இருந்தது. 'பருவநிலை நெருக்கடி' என்ற சொல்லை யாரும் செய்தித்தாளில் படித்ததில்லை. ஜெர்மனியில் அப்போது ஊரெல்லாம் பேசியது அமில மழையால் காடுகள் சாகின்றன என்பதையும் அணு ஆயுதத்தையும்தான்.

ஜெர்மனியின் நடுவில் காசல் என்று ஒரு நகரம். இரண்டாம் உலகப்போரில், 1943 அக்டோபரில் நடந்த ஒரு குண்டுவீச்சில் அதன் பழைய நகரப் பகுதி பெரும்பாலும் எரிந்துபோனது. போருக்குப் பிறகு எழுந்த அந்த ஊரில் 1955 முதல் டாக்குமெண்டா என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கிறது. இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, நூறு நாள். உலகம் முழுவதும் இருந்து கலைஞர்கள் வருவார்கள். ஓவியம், சிற்பம், திரைப்படம் என்று காட்டுவார்கள். நூறு நாள் முடிந்ததும் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

1982இல் நடந்தது ஏழாவது கண்காட்சி. அதற்கு ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர் என்ன கொண்டுவந்தார் தெரியுமா? ஏழாயிரம் கற்கள்.

இந்த மனிதரைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். 1921இல் பிறந்தவர். இளைஞனாக ஹிட்லரின் விமானப்படையில் இருந்தவர். போருக்குப் பிறகு சிற்பக்கலை படித்து, 1961இல் டுசல்டார்ஃப் கலைக்கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே இடம் கிடைக்காமல் திருப்பி அனுப்பப்பட்ட மாணவர்களையும் தன் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். நிர்வாகத்தோடு சண்டை முற்றி 1972இல் அவருக்கு வேலை போனது. ஆசிரியராக இருப்பதுதான் தன்னுடைய மிகப் பெரிய கலைப்படைப்பு என்று சொன்னவர் அவர். அதைப் படித்த அன்றே எனக்கு அவர் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. ஒளிப்பானேன்?

அந்த ஏழாயிரம் கற்களும் பசால்ட் வகை, அதாவது எரிமலைக் குழம்பு உறைந்து தூண் தூணாகப் பிளந்த பாறை. அவற்றை ஊரின் முக்கியமான சதுக்கத்தில், அருங்காட்சியகத்துக்கு எதிரே, ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய குவியலாகக் கொட்டிவைத்தார். ஆப்பின் கூர்முனையில் ஒரு ஓக் மரக்கன்றை நட்டார். அது 1982 மார்ச் 16. பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார்: இந்தக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுக்க வேண்டுமானால், ஊரில் எங்காவது ஒரு மரம் நட வேண்டும். மரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கல்லை நிறுத்த வேண்டும். ஏழாயிரம் கல்லும் தீர, ஏழாயிரம் மரம் நட்டாக வேண்டும்.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். வகுப்புக் கரும்பலகையின் மூலையில் தினமும் 'பதிவு 42, வருகை 38' என்று எழுதுவோமே, அதுபோல ஊர் நடுவில் ஒரு பகிரங்கக் கணக்கு. மேயரானாலும் காய்கறி வாங்கப் போகும் பாட்டியானாலும் அந்தக் குவியலைத் தாண்டித்தான் போக வேண்டும். குவியல் சிறுத்திருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்படியே கிடந்தால் நடக்கவில்லை. அறிக்கை வேண்டாம், புள்ளிவிவரம் வேண்டாம். பார்த்தாலே தெரியும்.

ஊரார் எல்லோரும் கைதட்டவில்லை. அழகான சதுக்கத்தைக் கல்லுடைக்கும் இடம்போல ஆக்கிவிட்டார், கார் நிறுத்தும் இடமெல்லாம் போகிறது, இதெல்லாம் ஒரு கலையா என்று சண்டை. பாய்ஸ் தன் திட்டத்துக்கு வைத்த முழக்கமும் குறும்பானது. ஜெர்மன் மொழியில் 'நகர நிர்வாகம்' என்ற சொல்லில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் 'நகரத்தைக் காடாக்குதல்' என்று ஆகிவிடும். நிர்வாகத்துக்குப் பதில் வனம் வேண்டும் என்று அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு விளையாடினார்.

பணம்? ஒரு மரமும் ஒரு கல்லும் சேர்த்து 500 மார்க். நன்கொடை கொடுத்தால் ஒரு சான்றிதழ். தொடக்கச் செலவை அமெரிக்காவின் டியா கலை அறக்கட்டளை ஏற்றது. போதவில்லை. ரஷ்ய ஜார் மன்னரின் கிரீடத்தைப் போலச் செய்த தங்கக் கிரீடம் ஒன்றைக் கூட்டத்தின் முன்னால் உருக்கி, அதை ஒரு முயலாக வார்த்து, அதை விற்ற பணத்தையும் போட்டார். அதுவும் போதாமல் ஜப்பானில் ஒரு விஸ்கி விளம்பரத்தில்கூட நடித்தார். மரம் நட விஸ்கிக் காசா என்று சிலர் முகம் சுளித்தார்கள். குழி வெட்டுகிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டுமே!

இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர் மட்டும் அல்ல. எங்கே மரம் வேண்டும் என்று குடியிருப்பவர்களும் பள்ளிகளும் கேட்டார்கள். தெருவோரம், விளையாட்டுத் திடல், பள்ளி வளாகம் என்று ஊர் முழுக்கப் பரவியது. பெயர்தான் '7000 ஓக்'. எலுமிச்சை மரம் என்று நினைக்கவைக்கும் பெயருள்ள லைம் மரம், மேப்பிள், ஆஷ், செஸ்ட்நட் என்று மண்ணுக்கு ஏற்றதெல்லாம் வைத்தார்கள்.

ஓக் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு முள்ளும் இருந்தது. ஜெர்மானியர்கள் பழங்காலத்திலிருந்தே பெருமையாகக் கொண்டாடிய மரம் அது. நாஜிகள் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். 1933இல் ஊருக்கு ஊர் 'ஹிட்லர் ஓக்' நட்டார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களுக்கு ஓக் கன்று பரிசாகக் கொடுத்தார்கள். அந்த ஆட்சியின் சீருடை போட்டிருந்த ஒருவர், அந்த ஆட்சி தொடங்கிய போரால் எரிந்த ஒரு நகரத்தில், அதே மரத்தை வேறு காரணத்துக்காக நட்டார். அவரை வெறும் மரம் வளர்ப்பவராகப் பார்த்தால் இந்த இடம் நழுவிவிடும்.

1986 ஜனவரி 23 அன்று பாய்ஸ் இறந்துபோனார். அப்போது ஏறத்தாழ 5500 மரங்கள் நடப்பட்டிருந்தன. சதுக்கத்தில் இன்னும் கற்கள் கிடந்தன. இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஓவியர் பாதியில் இறந்தால் ஓவியம் பாதியில் நிற்கும். இங்கே கணக்கு ஊர்நடுவே கிடந்ததே! வேலை தொடர்ந்தது. அடுத்த டாக்குமெண்டா தொடங்கிய 1987 ஜூன் 12 அன்று, முதல் மரத்துக்குப் பக்கத்திலேயே ஏழாயிரமாவது மரத்தை அவர் மகன் வென்சல் நட்டார். குவியல் தீர்ந்தது.

இப்போது அந்தக் கல்லுக்கு வருகிறேன். ஒரு மரத்துக்குப் பக்கத்தில் கல் எதற்கு? தரைக்கு மேல் அது நான்கடி உயரம் இருக்கும். நட்ட அன்று, குச்சிபோல நிற்கும் கன்றைவிடக் கல்தான் கனமாகத் தெரியும். பத்து வருடத்தில் இரண்டும் ஏதோ சமம்போல நிற்கும். நாற்பது வருடத்தில் கல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை மாதிரி ஆகிவிடும். கல் மாறுவதில்லை, மாறாத அந்த ஒன்றை வைத்துத்தான் மரம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்ணால் அளக்கிறோம். பாய்ஸ் சொன்ன காரணம் இது.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மரம் செத்துப்போனால் கல் மட்டும் நிற்கும். இங்கே ஒரு மரம் இருந்தது, அதை யாரோ விட்டுவிட்டார்கள் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் நடுகல் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கல்லின் இந்தப் பேச்சு புரியும்.

இதைப் படிக்கும்போது நம் பள்ளி ஞாபகம் வராமல் இருக்குமா? ஜூலை வந்தால் வனமகோத்சவம். வண்டியில் கன்றுகள் வந்து இறங்கும். சிறப்பு விருந்தினர் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார். போட்டோ எடுப்போம். ஜனகணமன பாடிக் கலைவோம். அடுத்த ஜூலையில் புதிதாகக் குழி வெட்டத் தேவையிருக்காது, போன வருடக் குழியே தயாராக இருக்கும்! நான் வேலை பார்த்த பள்ளிகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். ஒரு பள்ளியில் மட்டும் ஒரு புங்கன் பிழைத்தது. சத்துணவு சாப்பிட்டுவிட்டு நீங்கள் தட்டு கழுவிய தண்ணீர் ஓடிய வாய்க்கால் ஓரத்தில் அது இருந்தது. அந்த மரத்தை நட்டவர் பெயர் விழாக் கல்வெட்டில் இருக்கிறது. வளர்த்தது உங்கள் தட்டுத் தண்ணீர். அன்று குழிக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டிருந்தால், எத்தனை கல் தனியாக நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

காசலில் கல் தீரும்வரை ஓயவில்லை. அதோடும் விடவில்லை. பட்டுப்போன மரத்துக்குப் பதில் வேறு மரம் வைக்கிறார்கள். இதற்கென்றே ஓர் அறக்கட்டளை அந்த ஊரில் இயங்குகிறது. நூறு நாள் கண்காட்சிக்கு வந்த பொருள் நாற்பது வருடம் தாண்டி நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் பாய்ஸின் மேதைமை மட்டும் இல்லை, அந்தப் பராமரிப்பும்தான்.

அதே 1982இல் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி இன்னொரு காரியம் செய்தார். ஆக்னஸ் டெனஸ், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். நியூயார்க்கில் உலக வர்த்தக மையக் கோபுரங்களைக் கட்டத் தோண்டிய மண்ணைக் கொட்டி ஆற்றோரம் ஒரு நிலம் உண்டாக்கியிருந்தார்கள். பங்குச் சந்தை இருக்கும் வால் ஸ்ட்ரீட்டுக்குக் கூப்பிடு தூரம். அதன் மதிப்பு அப்போதே 450 கோடி டாலர் என்று கணக்கிட்டிருந்தார்கள். அங்கே இரண்டு ஏக்கரில் டெனஸ் கோதுமை விதைத்தார். குப்பையையும் கல்லையும் பொறுக்கி, இருநூறு லாரி மண் அடித்து, 285 சால்களைக் கையாலேயே பறித்து, கையாலேயே விதைத்தார்கள். நான்கு மாதம் களையெடுத்துப் பாதுகாத்தார்கள். ஆகஸ்டில் அறுவடை. ஆயிரம் பவுண்டுக்கு மேல் தானியம், அதாவது நம் கணக்கில் நாலரைக் குவிண்டாலுக்குக் கொஞ்சம் மேல்.

இரண்டு ஏக்கருக்கு இது விளைச்சலா என்று நம் விவசாய உறவுகள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அவர் விளைச்சலுக்காக விதைக்கவில்லை. பூமியில் கோடிக்கணக்கானவர்கள் பசியோடு இருக்க, ஒரு துண்டு நிலத்துக்கு இத்தனை கோடி விலை வைக்கும் உலகத்துக்கு முன்னால் கதிர் முற்றிய வயலை நிறுத்திக் கேள்வி கேட்டார். அந்தப் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். பொன்னிறக் கோதுமை, பின்னால் இரட்டைக் கோபுரம். இன்று அந்தக் கோபுரங்களும் இல்லை, வயலும் இல்லை. அறுவடை முடிந்ததும் நிலம் கட்டடத்துக்குப் போய்விட்டது.

போனதோடு டெனஸ் விடவில்லை. அடுத்து அவர் கையில் எடுத்தது எளிதில் அழிக்க முடியாத ஒன்று. பின்லாந்தில் இலோயார்வி என்ற ஊரில் சரளை மண் எடுத்துக் குதறிப்போட்ட ஒரு நிலம் இருந்தது. அங்கே 38 மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கை மலையை எழுப்பி, அதன்மேல் 11,000 பைன் மரங்களை 11,000 பேர் நட்டார்கள். சூரியகாந்திப் பூவின் நடுவில் விதைகள் சுழன்று அமைந்திருக்குமே, அந்தக் கணிதத்தின்படி வரிசை. ரியோ டி ஜெனிரோவில் புவி உச்சி மாநாடு நடந்த 1992 ஜூன் மாதத்தில், உலகச் சுற்றுச்சூழல் தினமான 5ஆம் தேதி பின்லாந்து அரசு இதை அறிவித்தது. நட்டு முடித்தது 1996இல். நட்ட ஒவ்வொருவருக்கும் அவருடைய மரத்துக்கு ஒரு பத்திரம் உண்டு. பிள்ளைக்கு, பேரனுக்கு என்று இருபது தலைமுறைக்குக் கைமாற்றலாம். மரத்தை வெட்ட முடியாது. அந்த நிலத்துக்கு 400 வருடப் பாதுகாப்பு.

பட்டா என்றாலே நமக்கு விற்கவும் கட்டவும் கிடைத்த உரிமை. அங்கே பத்திரம் கொடுத்திருப்பது காப்பாற்றும் கடமைக்கு.

இதற்கு நேர்மாறான வழியில் போன கலைஞர்களும் உண்டு. அவர்களையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. டென்மார்க்கில் பிறந்த ஓலாஃபர் எலியாசன், நிலவியல் அறிஞர் மினிக் ரோசிங்குடன் சேர்ந்து, கிரீன்லாந்தின் பனிப்பாறையிலிருந்து ஏற்கெனவே உடைந்து கடலில் மிதந்த பனிக்கட்டிகளைப் பிடித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். 2015 டிசம்பரில் பாரிஸ் பருவநிலை மாநாடு நடந்த நாட்களில், அங்கே ஒரு சதுக்கத்தில் பன்னிரண்டு பெரிய கட்டிகளைக் கடிகாரத்து எண்கள்போல வட்டமாக வைத்தார். மக்கள் தொட்டார்கள், காது வைத்துக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்தைய காற்று உள்ளே குமிழ் குமிழாக அடைபட்டிருக்கும். பனி உருகும்போது அது சிறு சத்தத்தோடு வெளியே வரும். சில நாளில் எல்லாம் உருகித் தண்ணீராக ஓடிப்போனது. 2018 டிசம்பரில் லண்டனில் தேம்ஸ் நதிக்கரை டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் வாசலிலும் இதையே செய்தார்கள்.

பனியைக் காட்டப் பனியைக் கப்பலேற்றலாமா, அதற்கு எரித்த எரிபொருள் எவ்வளவு என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கணக்கையும் அவர்களே வெளியிட்டார்கள். வரைபடத்தில் மட்டும் கிரீன்லாந்தைக் காட்டிப் பாடம் நடத்திய எனக்கு, அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள்மேல் கொஞ்சம் பொறாமைதான். ஆனாலும் என் மனம் அந்தப் பனியைவிட மரத்தின் பக்கமே சாய்கிறது. பனிக்கட்டி நம்மைத் திடுக்கிட வைக்கிறது, மறுநாள் அங்கே நமக்கு வேலை இல்லை. மரத்துக்கு மறுநாளும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

அதே டேட் மாடர்ன் வாசலுக்கு 2021இல் மரங்கள் வந்தன. அவை காசலிலிருந்து வந்த வாரிசுகள். ஹெதர் அக்ராய்ட், டான் ஹார்வி என்ற இரண்டு பிரிட்டிஷ் கலைஞர்கள் 2007இல் காசலுக்குப் போய், பாய்ஸின் ஓக் மரங்களுக்கு அடியில் விழுந்து கிடந்த கொட்டைகளைப் பொறுக்கி வந்தார்கள். முளைக்கப் போட்டு, தொட்டி மாற்றி மாற்றிப் பதினான்கு வருடம் வளர்த்தார்கள். பாய்ஸ் பிறந்து நூறு வருடம் ஆன 2021இல், நூறு இளமரங்களை அந்த வாசலில் நிறுத்தினார்கள். பாய்ஸ் தொடங்கியபோது காற்றில் 341 என்று இருந்த கணக்கு, இந்த மரங்கள் லண்டனுக்கு வந்தபோது 416. இப்போது அந்த மரங்களை யாரும் வெறும் நகர அழகாகப் பார்க்கவில்லை. பருவநிலை பற்றிய கேள்வியாகத்தான் பார்த்தார்கள். 1982இல் நட்டது மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் மாறி, அதற்குப் புதிய அர்த்தம் கொடுத்துவிட்டது.

அதே 2021 கோடையில் நியூயார்க்கில் மாயா லின் என்ற கலைஞர் மேடிசன் சதுக்கப் பூங்காவின் பச்சைப் புல்வெளி நடுவில் 49 மரங்களை நிறுத்தினார். எல்லாம் பட்ட மரங்கள். நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் பகுதியிலிருந்து வந்த அட்லாண்டிக் வெள்ளை சிடார்கள். கடல் மட்டம் உயர்ந்து உப்புநீர் உள்ளே ஏறும்போது காடு நின்ற நிலையிலேயே வெளிறிச் சாகும். அதை அங்கே 'பேய்க்காடு' என்கிறார்கள். படைப்புக்கும் அதே பெயர். உப்பு ஏறிய நிலம் எப்படி இருக்கும் என்று நம் கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே கோடைக்காலம்: ஒரு நகரத்தில் நூறு உயிருள்ள கன்றுகள், மற்ற நகரத்தில் நாற்பத்தொன்பது செத்த மரங்கள். நம்முன் இருக்கும் இரண்டு பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோல் இருந்தது.

கடைசியாக ஒன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கேட்டி பேட்டர்சன் 2014இல் நார்வே நாட்டு ஓஸ்லோ நகரத்துக்கு வெளியே ஒரு காட்டில் ஆயிரம் ஸ்ப்ரூஸ் மரங்களை நட்டார். வருடத்துக்கு ஒரு எழுத்தாளர் ஒரு படைப்பை எழுதிக் கொடுப்பார். முதலில் கொடுத்தவர் கனடாவின் மார்கரெட் அட்வுட். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற தென்கொரியாவின் ஹான் காங்கும் கொடுத்திருக்கிறார். யாரும் படிக்கக் கூடாது. ஓஸ்லோ பொது நூலகத்தில் இதற்கென்று மரத்தால் செய்த ஓர் அமைதி அறை 2022இல் திறக்கப்பட்டது. கையெழுத்துப் பிரதிகள் அங்கே பூட்டிக் கிடக்கின்றன. 2114இல் அந்த ஆயிரம் மரங்களை வெட்டிக் காகிதம் செய்து, நூறு படைப்புகளையும் அச்சிடுவார்கள். இதன் பெயர் 'எதிர்கால நூலகம்'.

இன்று இதைப் படிக்கும் நம்மில் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. 2114இலும் அந்தக் காடு இருக்கும், நூலகம் இருக்கும், படிக்கத் தெரிந்த மனிதர்கள் இருப்பார்கள் என்று நம்பித்தான் அந்த எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். அந்த நம்பிக்கை வீணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நடுவில் வாழும் நாம்.

இப்போது கணக்கு வாத்தியார்கள் எழுந்து நிற்பீர்கள் என்று தெரியும். சரி, கணக்கே போடுவோம். ஒரு வளர்ந்த மரம் வருடத்துக்கு ஏறத்தாழ இருபது கிலோ கரியமில வாயுவை இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஏழாயிரம் மரம் 140 டன். ஒரு ஜெர்மானியர் சராசரியாக வருடத்துக்கு ஏழு, எட்டு டன் வெளிவிடுகிறார். ஆக காசலின் மொத்த மரங்களும் சேர்ந்து இருபது பேருடைய புகையைக்கூடச் சரியாக ஈடுகட்டாது. போதாததற்கு, 2018 முதல் தொடர்ந்து வந்த வறட்சியில் ஜெர்மனியின் காடுகளிலேயே ஏராளமான மரங்கள் பட்டுப்போயின. எந்த நோய்க்கு மரத்தை மருந்து என்கிறோமோ, அதே நோய் மரத்தையும் தாக்குகிறது. மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நிலக்கரியை எரித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்தக் கலைஞர்களின் பெயரைச் சாட்சிக்கு இழுக்க உரிமை இல்லை.

அப்படியானால் இவற்றால் என்ன பயன்? என் பதில் இது. புவி சூடாவது மெதுவாக நடக்கிறது. செய்கிறவன் ஒரு தலைமுறை, அனுபவிக்கிறவன் அடுத்த தலைமுறை. அரசுக்கு ஐந்து வருடக் கணக்கு, கம்பெனிக்கு மூன்று மாதக் கணக்கு. நூறு வருடக் கணக்கை எழுதி வைக்க நம்மிடம் நோட்டுப் புத்தகமே இல்லை. அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான் இந்தக் கலைஞர்கள் தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் கல்லை வைத்தார். ஒருவர் இருபது தலைமுறைப் பத்திரம் எழுதினார். ஒருவர் படிக்கக் கூடாத புத்தகத்தைப் பூட்டி வைத்தார். மூன்றும் கேட்பது ஒன்றைத்தான்: நட்டவர் போன பிறகு பார்த்துக்கொள்வது யார்?

அறுபதைத் தாண்டியவளுக்கு இந்தக் கேள்வி புத்தகத்துக் கேள்வி இல்லை. ஆசிரியர் வேலையும் இதே மாதிரிதான். ஐந்தாம் வகுப்பில் விட்ட பிள்ளை என்ன ஆனான் என்று பார்க்க முப்பது வருடம் ஆகிறது. சில நேரம் பார்க்கவே முடிவதில்லை. நாம் இல்லாத காலத்துக்காக வேலை செய்வது அப்படி ஒன்றும் புதிய விஷயமில்லை. வீட்டில் தென்னம்பிள்ளை வைத்த நம் தாத்தாக்களுக்கும் தெரிந்ததுதான். நமக்குத்தான் இடையில் விட்டுப்போயிற்று.

உங்களில் சிலர் இன்று பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் பள்ளியிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். இந்த வருடமும் கன்றுகள் வண்டியில் வந்து இறங்கும். நூறு வந்தால் பத்து மட்டும் நடுங்கள். மூன்று கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் எழுதிக்கொண்டு நடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கல் வையுங்கள், பெயர் பொறிக்காத சாதாரணக் கல். அடுத்த ஜூலையில் எத்தனை கல் தனியாக நிற்கிறது என்று எண்ணிக் கமெண்டில் எழுதுங்கள். நான் குறித்துவைத்துக்கொள்கிறேன், வருகைப் பதிவேடு எழுதிய பழக்கம் இன்னும் போகவில்லை.

ஜெர்மனியில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வேலை. பிராங்க்பர்ட்டிலிருந்து காசலுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அடுத்த டாக்குமெண்டா 2027 ஜூனில் தொடங்குகிறது. கடைசி மரம் நட்டு அப்போது சரியாக நாற்பது வருடம். கூட்டம் வேண்டாம் என்றால் அதற்கு முன்னாலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். ஏதாவது ஒரு சாதாரணத் தெருவில், ஒரு மரத்தையும் அதன் கல்லையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள். மரம், கல், நீங்கள் மூன்று பேரும் எவ்வளவு உயரம் என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்